மலைக்குப் போகும் முன் வாங்கிய லென்ஸ்

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். முதல் தடவையாக வெளியூர் ஆர்டர் வந்திருக்கிறது, என்ன கேமரா வாங்கட்டும், எந்த லென்ஸ், கூட என்னென்ன எடுத்துக்கொண்டு போகட்டும் என்று. நானும் ஒவ்வொரு தடவையும், "எது வாங்கினாலும் நல்லாத்தான் இருக்கும் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அது பதில் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். எனக்குப் பேச வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு என்பதால் எழுதவும் நேரமாகும். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் லைட் பிடித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததற்குக் காரணம், லைட் பிடிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. வெளிச்சம் விழுகிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். கேமரா பிடித்த முதலாளி கல்யாண மண்டபம் அதிரக் கத்துவார். "மாமா இப்பிடித் திரும்புங்க, அக்கா கொஞ்சம் சிரிங்க, அந்தப் பச்சச் சட்ட நகருங்க" என்பார். அந்தப் பச்சைச் சட்டை ஊர்ப் பெரிய மனிதராக இருப்பார். மறுபேச்சில்லாமல் நகர்வார். ஒரு மனிதனை நகரச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நான் லைட்டைப் பிடித்தபடியே நினைத்துக்கொள்வேன்.

முதலாளி ஸ்டூடியோவை மூடிவிட்டு மகனிடம் போய்விட்டார். நாமே ஒரு கேமரா வாங்கலாம் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருந்த வாரத்தில்தான் தனம் வீட்டுக்கு வந்தாள். குன்னம் பக்கத்து ஊர். சோளமும் பருத்தியும் போடுகிற குடும்பம். அவள் கல்யாணத்துக்கு லைட் பிடித்தவன் நான். ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு மலைமேல கொலசாமி கோயில்ல காது குத்துறோம். நீங்கதான் வந்து எடுக்கணும்" என்றாள்.

"எங்கிட்ட இன்னும் கேமராவே இல்லியேம்மா."

"வாங்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். வேற ஆள கூப்புட்டா சத்தம் போடுவாங்கண்ணே. எந்தம்பிக்கு அது ஆவாது."

தம்பி என்றால் முருகேசன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். தொண்டையில் கட்டி வந்து, எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். உடம்பு கரைந்துபோன பிறகு அவர் யாரையும் தன்னைப் படம் எடுக்க விடுவதில்லை. யாராவது செல்போனைத் தூக்கினால் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வாராம்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கச் சொல்லுன்னிருக்கான். எம்பொண்ணு அவன் மடியில உக்காந்து காது குத்திக்கிறது, அது ஒண்ணு. மத்ததெல்லாம் நீங்க எடுத்தாலும் சரி, எடுக்காட்டியும் சரி. அது மட்டும் எனக்கு வேணும்ணே. நாளைக்கு இவ பெருசாயி மாமா யாருன்னு கேட்டா நான் எதக் காட்டுறது?"

சரி என்று தலையாட்டினேன். இந்த ஒரு படம்தான் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு நான் செய்ததை நீங்கள் படிக்க வேண்டும்.

சனிக்கிழமை திருச்சிக்குப் போனேன். காது குத்து திங்கட்கிழமை. கடைக்காரர் நல்ல மனிதர். என்ன எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப இந்தச் சின்ன லென்ஸே போதுங்க. ஜனங்களுக்கு நடுவுல நின்னு எடுக்கிற வேல. எல்லாரும் உள்ள வந்துருவாங்க" என்று கேமராவோடு சேர்த்து விற்கிற லென்ஸைக் காட்டினார்.

அதே நேரத்தில் கடை வாசலில் ஒருவர் நீளமான ஜூம் லென்ஸ் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றவரின் மீசையில் ஒட்டியிருந்த பால் நுரை தெரிந்தது. அந்த மனிதருக்கு நான் பார்ப்பது தெரியவே தெரியாது. அவரிடம் நான் எதையும் கேட்க வேண்டாம், திரும்பச் சொல்ல வேண்டாம், சிரிக்கச் சொல்ல வேண்டாம். என் வாழ்நாள் கஷ்டத்துக்கு ஒரு பொருள் கண்டுபிடித்துக் கடையில் விற்கிறார்கள் என்று தோன்றியது.

"இதையே குடுங்க" என்றேன்.

"இது மட்டுமா? ரூமுக்குள்ள ஒண்ணும் எடுக்க முடியாதுங்க. சின்னதையும் வச்சுக்கங்க."

கையிலிருந்ததற்குச் சின்ன லென்ஸையும் வாங்கியிருக்கலாம். ஆனால் மலைக்குப் போகிறவனுக்கு முக்காலி ஸ்டாண்ட் வேண்டும், பன்னிரண்டு அறை வைத்த முதுகுப் பை வேண்டும், லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கலர் கண்ணாடி மூன்று வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். பொருள் நிறைய இருந்தால் என்னைப் பார்க்கிறவர்கள் தொழில்காரன் என்று நம்புவார்கள், நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது என்பது என் கணக்கு.

"பிரிச்சு மாட்டிக் காட்டட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேண்டாங்க. சாமிகிட்ட வச்சுட்டுப் பிரிச்சுக்குறேன்."

நம் பக்கத்தில் வண்டி வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் சிறுவாச்சூர் அம்மன் முன்னால் வைத்து எலுமிச்சம்பழம் சுற்றாமல் ஓட்ட மாட்டோம். கோயில் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். ஆகவே சனிக்கிழமை வாங்கிய பெட்டி ஞாயிறு முழுக்க அலமாரி மேல் ஒட்டுப் பிரிக்காமல் இருந்தது. நான் அதைக் கும்பிட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

"ஒரு தடவ பிரிச்சு நம்ம வூட்டுக்குள்ளயே எடுத்துப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி. "செருப்பு வாங்குனாக்கூட கடையிலயே போட்டு நாலடி நடந்து பாக்குறோம்."

"சாமி காரியத்துல வாய வைக்காத" என்றேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் இருந்தது.

அன்றைக்கு அவள் சொன்னபடி செய்திருந்தால், எங்கள் வீட்டு அறைக்குள் அந்த லென்ஸை வைத்து அவள் மூக்கைத் தவிர வேறு எதையும் எடுக்க முடியாது என்பது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கையில் ஒரு முழு நாள் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தனம் வீட்டு வேன் சிறுவாச்சூருக்கு வந்தது. அவர்களும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறுவதாக ஏற்பாடு. பெட்டியைச் சாமி முன்னால் வைத்து, குங்குமம் வைத்து, வெளியே வந்து படியில் உட்கார்ந்து பிரித்தேன். பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தது. லென்ஸை மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டதும் வேனில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஜன்னலோரம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த முருகேசன் கரகரத்த குரலில் கேட்டார்:

"என்ன அண்ணே, பீரங்கியத் தூக்கிட்டு வந்திருக்கீங்க? நான் அவ்ளோ தூரத்துலயா இருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பச்சைமலை ஏறுகிற வழியில் வேன் இரண்டு இடத்தில் நின்றது. மரவள்ளிக் காட்டில் களை எடுத்தவர்களை, பாறை மேல் உட்கார்ந்திருந்த பருந்தை, தூரத்தில் தலையில் விறகோடு போன கிழவரை எடுத்தேன். ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தத் தொழிலில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். முருகேசனை எடுக்கவில்லை. ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார், அதற்கு முன்னால் எடுத்து மனிதரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன்.

காது குத்து வேப்பமரத்தடியில் நடப்பதாக இருந்தது. அங்கே நடந்திருந்தால் இருபதடி தள்ளி நின்று நன்றாகவே எடுத்திருப்பேன். பொங்கல் பொங்கி இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கோயிலுக்குள் ஓடினோம். கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை. நாலு கல் தூண், தாழ்ந்த கூரை, ஒரே ஒரு வாசல். முப்பது பேர் உள்ளே நெருக்கியடித்து நின்றோம். நடுவில் பலகை போட்டு முருகேசனை உட்கார வைத்தார்கள். துண்டை எடுத்துவிட்டுப் புதுச் சட்டை போட்டிருந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்தாள் தனம். ஆசாரி கம்மலை மஞ்சளில் தோய்த்தார்.

தனம் என்னைப் பார்த்து, "அண்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கலங்கலாக, பழுப்பாக இருந்தது. பட்டனை அழுத்தினால் லென்ஸ் கிர்ரென்று முன்னால் போய்ப் பின்னால் வந்ததே தவிர, படம் விழவில்லை. அந்த லென்ஸுக்கு ஐந்தடியாவது தள்ளியிருந்தால்தான் கண் தெரியும். எனக்கு அது தெரியாது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் வாசல். "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி வெளியே போய், மழையில் நின்று வாசல் வழியாக எடுத்திருந்தால்கூட கிடைத்திருக்கும். மூன்று சொல். தொண்டை வரைக்கும் வந்தது. சொந்தக்காரர்கள், பெரியவர்கள், சாமி காரியம். நான் யார் அவர்களை நகரச் சொல்ல?

பின்னால் போக முடியாதவன் முன்னால் போனேன். தெரியவில்லை என்றால் கிட்டே போய்ப் பார்ப்பதுதானே மனிதன் வழக்கம். ஒவ்வொரு அடி முன்னால் வைக்கும்போதும் இன்னும் கலங்கியது. குழந்தை வீரிட்டது. முருகேசன், "அழாதடி தங்கம், முடிஞ்சிருச்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்வது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டாவது காதும் முடிந்தது. தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

இதுவரைக்கும் நடந்தது ஒன்றும் பெரிய தப்பு இல்லை. நீங்களும் செய்வீர்கள். நான் வெட்கப்படுவது அடுத்ததற்கு.

மழை விட்டது. முருகேசன் வேன் படியில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. சுற்றிலும் நல்ல வெளிச்சம், தாராளமான இடம். அவருக்கு எதிரில் பதினைந்தடி தள்ளி நான் நின்றுகொண்டிருந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவர் முகம் துல்லியமாகத் தெரிந்தது. கேமரா கெடவில்லை, நான்தான் கெட்டவன் என்பது அப்போதுதான் விளங்கியது. அவரிடம் போய், "தப்பாயிருச்சுங்க, பாப்பாவ இன்னொரு தடவ மடியில வச்சுக்கங்க" என்று கேட்க வேண்டும். கேட்டால் திட்டியிருப்பார், பிறகு வைத்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான்.

நான் வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கும்போது அவரே கேட்டார்: "அண்ணே, வுழுந்துதா?"

"வுழுந்துச்சுங்க" என்றேன்.

"மூஞ்சி ரொம்பக் கேவலமா இல்லியே?"

"இல்லீங்க. நல்லா இருக்கு."

"அப்ப சரி. அதோட வுட்ருங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டு வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

ஆறு வாரத்தில் அவர் போய்விட்டார். ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள். காரியம் முடிந்த மறுவாரம் தனம் வந்தாள். அதுவரை அந்தப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றுதான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததை எல்லாம் காட்டினேன். பருந்து, விறகுக் கிழவர், பொங்கல் பானை. கோயிலுக்குள் தற்செயலாக விழுந்தது நாலே படம். ஒன்றில் ஆசாரியின் விரல். ஒன்றில் கலங்கலாக ஒரு காது. மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை.

அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அவன் காதுதாண்ணே. இந்த மடிப்பு எனக்குத் தெரியும்" என்றாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா…" என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். முதல் பயணத்துக்குச் சின்ன லென்ஸ் ஒன்று போதும். பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, துடைக்கப் பழைய வேட்டித் துணி. ஸ்டாண்டும் கலர் கண்ணாடியும் வேண்டாம், நான் அவற்றை ஒரு நாளும் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. வாங்கிய அன்றே பிரியுங்கள். சாமி கோபிக்காது. வீட்டில் இருக்கிறவர்களை, அறைக்குள் வைத்து, விளக்கைக் குறைத்து, ஒரு வாரம் எடுங்கள். கடையில் ஒரு பொருள் உங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனால், அது எடுக்கப் போகிற வேலைக்குப் பிடித்ததா, உங்கள் பயத்துக்குப் பிடித்ததா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். படம் விழவில்லை என்றால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எழுதிவிட்டேன். ஆனால் இதனால் பெரிய பயன் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இதெல்லாம் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? அடுத்த மாதமே சின்ன லென்ஸ் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மணவறைக்கு எதிரே கடைசி வரிசையில் நின்று எடுத்தேன். எல்லாப் படத்திலும் தலைகளுக்கு நடுவே கட்டை விரல் அளவு மாப்பிள்ளை பெண். அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் தொழில் செய்தேன். கேமரா மூன்று மாற்றினேன். யாரையும் நகரச் சொல்ல எனக்கு வரவில்லை. பொருளை மாற்றலாம், ஆளை மாற்ற முடியவில்லை. உங்களுக்காவது முடியும் என்று சொல்லி முடிக்க ஆசைதான். தெரியவில்லை.

போன வருஷம் தனம் போன் செய்தாள். அந்தக் குழந்தை கயல் பெரியவளாகிவிட்டாள், மஞ்சள் நீராட்டு, நீங்கள்தான் வர வேண்டும் என்றாள். ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. போனேன். தாய்மாமன் சீர் கொண்டுவர ஆள் இல்லாத விசேஷம் அது. பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண், எல்லாரும் படத்துக்கு வந்து நின்ற பிறகு, "இரு இரு, மாமாவக் கொண்டாறேன்" என்று உள்ளே ஓடி ஒரு பிரேம் போட்ட படத்தை எடுத்து வந்து பக்கத்து நாற்காலியில் வைத்தாள். லைசென்ஸ் படமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அன்றைக்கு வேன் ஓட்டிய டிரைவர் கோயில் வாசலில் நின்று, ஆட்களுக்கு நடுவே கையை நீட்டித் தன் செல்போனில் ஒரு படம் எடுத்திருக்கிறார். பல வருஷம் கழித்து அதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். படத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு ஒருவன் குனிந்து நிற்கிறான். முதுகில் பன்னிரண்டு அறை வைத்த பை. அவன் இடுப்புக்குக் கீழே ஒரு சின்னக் கால், கொலுசோடு. அந்தக் காலைப் பிடித்திருக்கும் எலும்பும் நரம்புமான ஒரு கை.

"இந்தாளுக்குப் பின்னாடிதான் எங்க மாமா இருக்காரு" என்று கயல் தன் தோழியிடம் சொன்னாள். "மடியில நானு. நானும் அவரும் சேந்து இருக்கிறது இது ஒண்ணுதான்."

"யாரு இந்தாளு?"

"யாரோ. மறச்சுக்கிட்டு நிக்கிறான் பாரு, எரும மாதிரி."

தனம் பந்திப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் கிட்டே போனேன். மூன்றடி தூரத்தில் நின்று, பெண்ணையும் பிரேமையும் சேர்த்து எடுத்தேன். இரண்டும் துல்லியமாக விழுந்தன. தனம் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் அந்தப் பெண்ணுக்கு நான் மாமா. எடுத்து முடித்ததும் பிரேமைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல வேணாத ஆள அழிச்சுடலாமாமே. இந்தாள மட்டும் அழிச்சுத் தரீங்களா? அழிச்சா பின்னாடி எங்க மாமா தெரிவாருல்ல?"

உங்களில் சிலர் இப்போது அப்படி அழித்து, அந்த இடத்தில் ஏதோ ஒரு முகத்தையும் வரவழைத்துக் கொடுத்துவிடுவீர்கள். அந்த முகம் முருகேசன் முகமாக இருக்காது.

"கயலு, அவர வேலையப் பாக்க வுடு" என்று தனம் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

அந்தப் பெண் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழிக்கலாம்மா" என்றேன். "அழிச்சா அங்க ஒண்ணும் இருக்காது."